அண்ணனுக்கு: கடிகாரம் மதுரையிலேயே இருக்கும்

அண்ணே,

சித்தப்பா மகனிடம் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தைக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாய். அவன் நேற்று ராத்திரி விமானம் ஏறிவிட்டான். கடிகாரம் ஏறவில்லை. அப்பாவின் தலைத்திவசம் முடியட்டும் என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்: அது வராது.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ பேசுவாய், நான் "சரிண்ணே" என்பேன். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். தவிர, நீ கடிகாரத்தைப் படம் போட்டு ஊருக்கே அதன் கதை சொன்ன பிறகு, பதிலும் ஊர் படிக்கிற இடத்தில் இருந்தால் குற்றமில்லை. சித்தி படிப்பாள், மதினியும் படிப்பார். அதனால் ஆஸ்பத்திரிக் கணக்கையும் அந்தப் பீரோ விஷயத்தையும் இங்கே தொடமாட்டேன். உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

"பாம்பன் பாலம் திறந்தபோது வெள்ளைக்காரத் துரை எங்கள் ரயில் கார்டு தாத்தாவுக்குப் பரிசளித்தது" என்று எழுதியிருந்தாய். அப்பா சொன்னதுதானே, உன்மேல் தப்பில்லை. ஆனால் அப்பாவுக்கே அது யாரோ சொன்ன கதை.

அவர் போன பிறகு கடிகாரம் நின்றுவிட்டது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெரியவர் இன்னும் சாவி கொடுக்கிற கடிகாரம் பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மழுங்கிய சின்னக் கத்தியால் பின்மூடியை நெம்பினார். உள்ளே ஒரு சிங்கம், ஒரு நங்கூரம், ஓர் எழுத்து. சிங்கம் வெள்ளிக்கு, நங்கூரம் பர்மிங்காமுக்கு. எழுத்து மட்டும் வருஷா வருஷம் மாறுமாம். நம்முடையது 1913. பாலம் திறந்தது 1914 பிப்ரவரி. "பார்த்தாயா, சரியாக வருகிறதே" என்று நீ குதிப்பாய். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நானும் குதித்தேன்.

பெரியவர் சிரித்தார். பரிசுக் கடிகாரம் என்றால் வாங்கியவர் பேரைப் பொறித்துக் கொடுப்பார்களாம். ரயில்வே கொடுத்ததென்றால் கம்பெனி எழுத்து இருக்கும். வேலையை விட்டுப் போகும்போது திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இதில் இரண்டும் இல்லை. தாத்தா இதைக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்க வேண்டும், அதுவும் பழசாக. மூடியின் உட்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார். ஊசியால் கீறின மாதிரி பொடிப்பொடியாக எண்கள். சிலது பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்துக்குப் போட்டது. "மத்ததெல்லாம் அடகு நம்பர்ம்மா" என்றார். ஒரு நம்பருக்குப் பக்கத்தில் 28 என்று இருக்கிறது. 1928 ஜூலையில்தான் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான். ஆனாலும் சம்பளம் இல்லாத வீட்டில் முதலில் வெளியே போகிற பொருள் எதுவென்று நமக்குத் தெரியாதா என்ன?

அடகு என்றதும் எனக்குச் சோழவந்தான் திண்ணை வந்துவிட்டது. நீயும் அன்றைக்கு அங்கேதான் இருந்தாய். பந்து வாய்க்காலில் விழுந்துவிட்டதென்று எழுந்து ஓடினாய், திரும்பி வரவே இல்லை. அப்பத்தா இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் காதோடு விளையாடிக்கொண்டிருந்தேன். தோள் வரைக்கும் தொங்குமே, வெறுங்காது. அந்தத் துளைக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போகும். தோல் வாழைச்சருகு மாதிரி வழுவழுவென்று இருக்கும். "ஏன் அப்பத்தா, இதுல ஒண்ணுமே போடல?" என்று கேட்டேன். இடிப்பதை நிறுத்தாமல் சொன்னது: "இந்தக் காதுலதான்டி எங்க மாமனாரு கடியாரம் தொங்குச்சு."

எனக்கு அன்று புரியவில்லை. காதில் எப்படிக் கடிகாரத்தை மாட்டுவார்கள் என்று யோசித்தேன். மிச்சத்தையும் அதுவே சொன்னது. பெரியத்தை கல்யாணத்துக்குக் கடிகாரம் அடகுக்குப் போயிருக்கிறது. கெடு தாண்டிவிட்டது. கார்டு தாத்தா ரிட்டையராகி வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். இடுப்பில் கை வைத்து வைத்துப் பார்ப்பாராம், மணி பார்க்கிற பழக்கத்தில். அதைப் பார்க்கச் சகிக்காமல் அப்பத்தா காதுத் தண்டட்டி இரண்டையும் கழற்றிக் கடையில் வைத்து, கடிகாரத்தை மீட்டுக்கொண்டு வந்தது. "கடியாரம் வந்துச்சு, தண்டட்டி மூழ்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டது. வருத்தமாகச் சொன்ன மாதிரிகூட எனக்கு நினைவில்லை.

இதுதான் அதன் பூர்வீகம். துரையும் இல்லை, பாலமும் இல்லை. அப்பத்தா மீட்டது, தாத்தா வைத்திருந்தார், அப்பா வைத்திருந்தார், மூத்த மகன் என்று நீ கேட்கிறாய். மீட்டவள் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை. ஆக, இந்த மன்னிப்பைப் பாதியாகவே கணக்கில் வை.

சட்டத்தைச் சொல்லியும் தப்பித்திருக்கலாம். 1972-இல் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய, சரித்திர மதிப்புள்ள பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நம் கடிகாரத்துக்கு நூறு தாண்டிவிட்டது. சரித்திர மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தொல்லியல் துறைதான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் துணியோடு சுருட்டி வைத்துக் கொண்டுபோகிற சமாசாரம் இல்லை இது. அந்தப் பையனை ஏர்போர்ட்டில் மாட்டிவிடப் பார்த்தாயே! ஆனால் சட்டமே இல்லையென்றாலும் தந்திருக்க மாட்டேன்.

எனக்கு அம்மை போட்டிருந்தபோது, அப்பாவுக்குத் தெரியாமல் அதை எடுத்துவந்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாய். வேப்பிலைக்கு நடுவில் படுத்தபடி கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். கை வலித்திருக்கும் உனக்கு. அதை நான் மறக்கவில்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷம் அப்பாவுக்குக் கை வராமல் போனபோது, காலை ஏழேகால் ரேடியோச் செய்தி தொடங்கியதும் என் விரலைப் பிடித்துத் திருகவைப்பார். சாவி ஏறுகிற சத்தம் கேட்டால்தான் காபியைத் தொடுவார். வீடியோ காலில் "அப்பா எப்படி இருக்கார்" என்று நீ கேட்டதெல்லாம் அதற்கப்புறம், சாயந்தரத்தில். பணம் அனுப்பினாய், தாராளமாகவே அனுப்பினாய். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறேன், மேலே எழுதினால் வேறு மாதிரிப் போய்விடும்.

இப்போது ஓடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று நிமிஷம் பின்தங்கும், அதற்குமேல் சரிசெய்ய வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். எனக்கப்புறம் என் மகளுக்கா உன் மகனுக்கா என்பதைப் பிள்ளைகள் இருவரும் பேசி முடிவெடுக்கட்டும். உன் மகன் இங்கே வந்து அதற்குச் சாவி கொடுக்கப் பழகினால் எனக்குச் சந்தோஷம்தான்.

உனக்கு இரண்டு வேலை வைக்கிறேன். நீ போட்ட பதிவில் துரையை எடுத்துவிட்டு அப்பத்தாவை எழுது. அப்புறம், காலேஜ் நாளில் பைக் சாவிக்கு மாட்டிக்கொள்கிறேன் என்று வெள்ளிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனாயே, அது உன்னிடம்தான் இருக்கிறது. மதினி அதை நகைப் பெட்டியில் பார்த்ததாகச் சொன்னார். தை மாதம் வரும்போது எடுத்துவா.