ரோபோவுக்கு முன் உதிரிப் பெட்டி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் ரோபோத் தொகுதிகளை அன்பளிப்புச் செய்கின்றன. நல்ல மனத்தோடு செய்கிற காரியம். ஆனால் நாற்பது பேர் இருக்கும் வகுப்புக்கு மூன்று தொகுதிகள் வந்தால், மூன்று பேர் பூட்ட மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு சிறு பாகம் தொலைந்ததும் தொகுதி அலுமாரிக்குள் போய்விடும். மின்னணுவியலும் நிரலாக்கமும் கைக்கு வர வேண்டுமென்றால், இரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்று இருபது உதிரிப் பெட்டிகள் வேண்டும்.

ஒரு பெட்டியில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: பாகங்களைச் செருகிப் பூட்டும் 400 துளைப் பலகை (பிரெட்போர்ட்) ஒன்று, சிவப்பு எல்.ஈ.டி. ஐந்து, 330 ஓம் தடையி (மின்னோட்டத்தைக் குறைக்கும் பாகம்) ஐந்து, 1 கிலோ ஓம் இரண்டு, 10 கிலோ ஓம் நான்கு, நாலுகால் அழுத்து ஆளி இரண்டு, 74எச்சி08 (74HC08), 74எச்சி32 (74HC32) என்ற தருக்கச் சிப்புகள் ஒவ்வொன்று, இணைப்பு வயர் இருபது, மூன்று ஏஏ பற்றரிகள் போடும் கூடு ஒன்று. பாடநூல் தடையி, இருவாயி என்று சொல்லும். புறக்கோட்டைக் கடையில் ரெசிஸ்டர், டயோட் என்று கேட்டால்தான் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

9 வோற்றுப் பற்றரி வாங்காதீர்கள். மூன்று ஏஏ தரும் 4.5 வோற்று போதும். சிவப்பு எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோற்றை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 2.5 வோற்று 330 ஓம் தடையியின் குறுக்கே விழும்போது ஏறக்குறைய 7.5 மில்லி அம்பியர் ஓடும். நன்றாக ஒளிரும், எதுவும் சுடாது. 9 வோற்றில் தடையியை மறந்தால் எல்.ஈ.டி. ஒரு கணத்தில் கருகும். எச்சி வகைச் சிப்புக்கு 6 வோற்றே மேல் எல்லை என்பதால் அதுவும் கூடவே போய்விடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொத்தான் பற்றரியில் எல்.ஈ.டி.யை நேரே செருகினால் தடையி இல்லாமலே எரியும். அந்தப் பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால்தான் அது தப்புகிறது. இதை விளக்காமல் விட்டால், தடையி தேவையில்லை என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

தடையிகளின் நிறங்களையும் கவனிக்க வேண்டும். பாடநூல் நான்கு பட்டிகளைச் சொல்கிறது: முதல் மூன்றும் கபிலம், கறுப்பு, சிவப்பு என்றால் 1 கிலோ ஓம், கபிலம், கறுப்பு, செம்மஞ்சள் என்றால் 10 கிலோ ஓம். கடையில் கிடைக்கும் நீல நிறத் தடையிகளுக்குப் பெரும்பாலும் ஐந்து பட்டிகள். பாடநூல் முறையில் வாசித்தால் பிழையாகிவிடும். எல்.ஈ.டி. மங்கலாக எரிந்தால் பிள்ளைகள் உடனே எல்.ஈ.டி. பழுது என்பார்கள், அங்கே 10 கிலோ ஓம் நுழைந்திருப்பதே வழமை. வகுப்புக்கு முன் ஆசிரியர் மல்ரிமீற்றரால் (தடை, வோற்றளவு அளக்கும் கருவி) அளந்து, மட்டையில் ஒட்டிப் பிரித்து வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தருக்கப் படலைகள் (0, 1 என்ற உள்ளீடுகளுக்கு ஏற்ப 0 அல்லது 1 தரும் சுற்றுகள்) உண்டு. ஆனாலும் பல பிள்ளைகள் எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டும் உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்து எழுதுவதோடு சரி. 74எச்சி08 சிப்பில் நான்கு ஆண்ட் படலைகள் (இரண்டு உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தருபவை) இருக்கின்றன. சிப்பின் ஒரு முனையிலுள்ள பள்ளம் இடப்பக்கம் இருக்க வைத்தால் கீழ் வரிசையில் இடது ஓரத்துக் கால் 1. 14ஆம் காலுக்கு நேர்முனை, 7ஆம் காலுக்கு எதிர்முனை. 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. வெளியீட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எல்.ஈ.டி. ஒவ்வோர் உள்ளீட்டையும் ஆளி வழியாக நேர்முனைக்கும், 10 கிலோ ஓம் வழியாக எதிர்முனைக்கும் இணைக்க வேண்டும்.

ஓர் உள்ளீட்டின் 10 கிலோ ஓமை ஒருமுறை வேண்டுமென்றே கழற்றிக் காட்டுங்கள். மற்ற உள்ளீட்டின் ஆளியை அழுத்தியபடி விரலைக் கிட்டக் கொண்டுபோனாலே எல்.ஈ.டி. மினுங்கும். எதனோடும் இணையாத உள்ளீடு பூச்சியமும் அல்ல, ஒன்றும் அல்ல என்பது அப்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும். எந்தப் படமும் அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கடைக்காரர் 74எல்எஸ்08 (74LS08) தந்து "இரண்டும் ஒன்றுதான்" என்றால் வாங்க வேண்டாம். அதற்கு 5 வோற்று வேண்டும். 10 கிலோ ஓம் அதன் உள்ளீட்டைப் பூச்சியத்துக்கு இழுக்காது. ஆளியை அழுத்தாமலே எல்.ஈ.டி. எரியும். நோர் படலையான (இரண்டு உள்ளீடும் 0 ஆனால்தான் 1 தரும்) 74எச்சி02இல் கால் ஒழுங்கே வேறு: 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. 74எச்சி08இன் படத்தைப் பார்த்துப் பூட்டினால், ஆளியை அழுத்தும்போது வெளியீடு நேர்முனையோடு மோதும்.

ஆளியின் நாலு கால்களும் இரண்டிரண்டாக உள்ளே இணைந்தவை. தொண்ணூறு பாகை திருப்பிச் செருகினால் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். மூலைவிட்டமாக எதிரெதிர்க் கால்களை எடுத்தால் எப்படிச் செருகினாலும் பிழை வராது.

இதற்குப் பிறகு நிரலாக்கம் எளிது. சிப்பைக் கழற்றிவிட்டு அதே இரண்டு ஆளிகளையும் அதே எல்.ஈ.டி.யையும் அர்டுயினோ ஊனோ என்ற நிரலேற்றும் சிறு மின்பலகையில் பூட்டி, அதே உண்மை அட்டவணையை நிரலாக எழுதச் சொல்லலாம். வன்பொருளில் செய்ததை மென்பொருளிலும் செய்யலாம் என்று பிள்ளை தானே காணும். இதற்கு நாலு பேருக்கு ஒரு பலகை போதும். நிரல் பலகைக்குப் போகவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் பண்ண மட்டும் உதவும் கேபிளில் தரவு வயர் இராது. மலிவுப் பலகைகள் பலவற்றுக்கு சீஎச்340 (CH340) என்ற இயக்கி மென்பொருள் வேண்டும். வகுப்புக்கு முதல் நாளே பதிந்துவிடுங்கள். பலகையின் 0, 1 ஆம் முனைகளில் எதையும் பூட்டக் கூடாது. ஒப்பிடும் இடத்தில் இரட்டைச் சமக்குறிக்குப் (==) பதில் ஒற்றைக் குறி போட்டால் நிரல் பிழை காட்டாமலே தவறாக ஓடும்.

ஒரு பாடவேளை இதற்குப் போதாது. பெட்டி கொடுத்து வாங்கவே பத்து நிமிடம் போய்விடும். அதிபர்மார் நேரசூசியில் இரண்டு வேளைகளைச் சேர்த்துத் தர வேண்டும். தவணைக்கு ஒரு வகுப்பையாவது பழுது தேடுவதற்கே ஒதுக்கலாம்: ஆசிரியர் ஒவ்வொன்றிலும் ஒரு பிழை வைத்த ஐந்து பிரெட்போர்ட்டுகளைத் தயாரித்து, பற்றரியிலிருந்து தொடங்கி வோற்றளவை அளந்துகொண்டே போகச் சொல்ல வேண்டும். மல்ரிமீற்றரின் 10 அம்பியர்த் துளையை முன்கூட்டியே ரேப்பால் மூடிவிடுங்கள். அதில் வயரைச் செருகியபடி பற்றரியை அளந்தால் குறுக்குச்சுற்றுத்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரையோரப் பாடசாலைகளில் உப்புக்காற்று வயர் முனைகளைக் கறுக்க வைக்கும். காற்றுப் புகாத டப்பா வாங்குங்கள். விடுமுறைக்கு முன் பற்றரிகளைக் கழற்றுங்கள். கசிந்தால் கூட்டின் சுருள்கம்பியைத் தின்றுவிடும்.

அடுத்த அன்பளிப்பைத் திட்டமிடும் சங்கங்கள், தொகுதி வாங்குமுன் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். அதில் இரண்டாம் ஆண்டு கருகிப் போகும் எல்.ஈ.டி.க்கும் சிப்புக்கும் மாற்று வாங்க ஒரு சிறு தொகையையும் சேருங்கள்.

தொழினுட்பப் பாட ஆசிரியர்கள் சிலர்,
கொழும்பு 06