அப்பாவின் இதயத்தையும் கிட்னியையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், கால் வீக்கம் வடிந்துவிட்டது, தேக்கா சந்தைக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்கவும் தொடங்கிவிட்டார்.

முதல் நன்றி அந்த டாக்டரம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வார்டில் நோயாளிகளைப் பார்ப்பது போக, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆராய்ச்சியும் செய்கிறவர். எங்கள் குழப்பம் இதுதான்: நீர் மாத்திரையைக் கூட்டினால் மூச்சிரைப்பு குறையும், ஆனால் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறும், மாத்திரையைக் குறைத்தால் கால் வீங்கும். இதயத்துக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர், நடுவில் மாத்திரைப் பெட்டியோடு அம்மா. இவர்தான் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். இதயம் பலமாகத் தள்ளாதபோது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, உடம்பில் தண்ணீர் இல்லை என்று அது நினைத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, அந்தச் சுமையும் மறுபடி இதயத்தின் மேலேயே விழுகிறது. போதாததற்கு, இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் குழாய்களான சிரைகளில் தேங்கும் ரத்தமும் சிறுநீரகத்தை அழுத்துகிறதாம்.

அப்பாவுக்குக் கொடுத்த டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை நோய்க்கென்று வந்த மருந்து. அதே வகை மருந்து ஒன்று இதயத்துக்குக் கெடுதல் செய்யாதா என்று பார்க்க நடத்திய ஆய்வில்தான், இதய நோயால் வரும் மரணமே குறைகிறது என்று 2015இல் தெரிந்தது. 2020இல் வெளியான டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் 4,300க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் சேர்ந்தார்கள், சர்க்கரை இல்லாதவர்களும் உண்டு, சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதில் பாதிப் பேர் சாப்பிட்டது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. முகம் தெரியாத அந்த எல்லாருக்கும் கும்பிடு.

இந்த மருந்தைத் தொடங்கிய ஆரம்பத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம், பயந்துபோய் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எங்களிடம் கேளுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஏறத்தான் செய்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அண்ணன் மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பான்.

அப்புறம், தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும் என்று அப்பாவை மிரட்டியே பழக்கிய தாதிக்கும், சோடியம் குறைந்த உப்பு என்று நாங்கள் ஆசையாக வாங்கிய பாக்கெட்டைப் பார்த்து, 'இதில் பொட்டாசியம் இருக்கிறது, ஐயாவுக்கு ஆகாது' என்று தடுத்த உணவு ஆலோசகருக்கும் நன்றி. பிளாச்சான் (உப்பு மிகுந்த இறால் விழுது) போடாமல் தனியாக மீன் சமைத்து அனுப்பிய கீழ்வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அத்தைக்கு) அம்மா தோசை கொடுத்துக்கொண்டே இருக்கிறார், கணக்கு இன்னும் தீரவில்லை.

பார்க்க வருகிறவர்கள் முறுக்கு, மிக்சர், ஊறுகாய் எதுவும் கொண்டு வராதீர்கள். பொட்டாசியம் இருப்பதால் இளநீரும் வாழைப்பழமும்கூட வேண்டாம், ஆப்பிள் போதும். அப்பா வேறு ஏதாவது கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்.