அரை டிக்கெட்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை கிழித்துப் போட்டேன். யூத இனப்படுகொலையை ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டே பீரியடில் எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறாய். வேறு சில இளம் ஆசிரியர்களும் இதையே கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

"ஹிட்லர் கெட்டவர்தான் சார், ஆனால் நல்ல நிர்வாகி" என்று ஒரு பையன் சொன்னானாம், வகுப்பே தலையாட்டியதாம். இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளியிலும் யாராவது ஒரு தலைமையாசிரியருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் இருந்தது. அது காதில் விழுந்தபோது உள்ளூர மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் அந்தப் பெயருக்குக் கண்டிப்பு என்று பொருள், கொலை என்று அல்ல. அடுத்து அந்தப் பையன், ஆட்டோபான் என்னும் ஜெர்மன் அதிவேகச் சாலைகளைப் போட்டதே ஹிட்லர்தான் என்பான். கொலோனுக்கும் பான் நகருக்கும் இடையே அப்படியொரு சாலை 1932 ஆகஸ்டிலேயே திறந்தாகிவிட்டது, ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அந்த வழக்கில் பீரியடைக் கரைக்காதே. 'நிர்வாகம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள். பையன் தன்னை அறியாமல் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

யூதர்களைக் கொலைமுகாம்களுக்குக் கொண்டுபோன ஜெர்மன் அரசு ரயில்வே அவர்களைச் சும்மா ஏற்றிப் போகவில்லை. டிக்கெட் போட்டது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 ஃபென்னிக், அவர்கள் ஊர்ப் பைசா. பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட். நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 400 பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. காவலுக்குப் போனவர்களுக்குப் போக வர இரண்டுக்கும், மற்றவர்களுக்குப் போவதற்கு மட்டும். கட்டணம்தான் மூன்றாம் வகுப்புக்கு, ஏற்றியது பெரும்பாலும் சரக்கு வேகன்களில். பில் போலீசுக்குப் போனது. பல சமயம் யூதர்களிடம் பறித்த பணத்திலிருந்தே அது தீர்க்கப்பட்டது. சில ரயில்களின் கணக்கைப் பார்த்துக்கொண்டது, ஊரில் மற்றவர்களுக்கு விடுமுறைப் பயணச் சீட்டு விற்ற அதே பயண முகமை.

அரை டிக்கெட் என்றால் உன் வகுப்பில் தெரியாத பிள்ளை இருக்காது. கண்டக்டர் வயது கேட்க, அம்மா இரண்டைக் குறைத்துச் சொல்ல, "இல்லம்மா, எனக்குப் பதினொன்று" என்று நாமே உளறிக்கொட்டிய கதை எல்லா வீட்டிலும் உண்டு. அங்கிருந்து தொடங்கு. பிறகு அந்தக் கட்டண விகிதத்தைக் கரும்பலகையில் எழுது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில். இந்தச் சலுகை விதி இவர்களுக்குப் பொருந்துமா என்று ஒருவர் கோப்பைப் புரட்டியிருக்கிறார். பொருந்தும் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த இருவரும் யாரையும் அடித்ததில்லை. யூதர்களை வெறுக்க வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உற்சாகத்தில், "இத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும், போட்டுக்காட்டு" என்று பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுத்துவிடாதே. நாஜிக் காலத்துக் கணக்குப் புத்தகங்களில், மனநோயாளிகளைப் பராமரிக்க அரசு எவ்வளவு செலவழிக்கிறது, அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்ற மாதிரிப் பயிற்சிகள் இருந்தன. அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம்.

'வெறும் குமாஸ்தாக்கள், அவர்களுக்கு என்ன தெரியும்' என்று யாராவது எழுந்தால் ஆல்பர்ட் கான்சென்முல்லரைப் பற்றிச் சொல். போக்குவரத்து அமைச்சகத்தின் செயலர், ரயில்வேயின் இரண்டாம் நிலைத் தலைவர். 1942 ஜூலை 28 அன்று, நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: ஜூலை 22 முதல் நாள்தோறும் ஒரு ரயில், ஒவ்வொன்றிலும் 5,000 யூதர்கள், போலந்தின் வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு. ஹிம்லரின் உதவியாளர் கார்ல் வோல்ஃப் அங்கிருந்து மகிழ்ச்சி தெரிவித்துப் பதில் போட்டார். ட்ரெப்ளிங்கா சிறிய ஊர். தினம் 5,000 பேர் போய் இறங்கி அங்கே என்ன செய்வார்கள் என்று ரயில்வேக்காரருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அங்கே இருந்தது கொலைமுகாம். போருக்குப் பின் அவர்மீது வழக்கு வந்தது 1973இல். நெஞ்சுவலி வந்து விசாரணை நின்றது, மறுபடி நடக்கவே இல்லை. 1996 வரை உயிரோடு இருந்தார்.

'மேலிடத்து உத்தரவு, மீறினால் சுட்டுவிடுவார்கள்' என்பது அடுத்த சமாதானம். இதற்கு யூசெஃபூஃப் என்ற போலந்து கிராமத்தைச் சொல். 1942 ஜூலை 13. ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன், ஏறக்குறைய 500 பேர். நடுவயதுக்காரர்கள், துறைமுகத்திலும் லாரியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள். யூதர்களைச் சுட வேண்டும் என்று சொல்லும்போது அவர்களுடைய மேஜர் ட்ராப்பின் கண்ணில் நீர். முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்கிறார். விலகியவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு ஒரு தண்டனையும் கிடையாது. மற்றவர்கள் அன்று மாலைக்குள் 1,500 யூதர்களைச் சுட்டார்கள். அன்று முழுவதும் வேலையை விட்டு நழுவியவர்களும் உண்டு, அவர்களையும் யாரும் சுடவில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பை வகுப்பிடமே விட்டுவிடு. "நானாக இருந்தால் விலகியிருப்பேன்" என்று நாற்பது பேரும் கை தூக்குவார்கள். ஐந்நூறில் பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும் பலகையில் அழிக்காமல் வை.

இனி, நான் செய்த ஒரு தவறு. உனக்கு நான் பாடம் நடத்துவதற்கு ரொம்ப முந்தைய கதை, வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தப் பாடத்தை 'உணரச் செய்ய வேண்டும்' என்று எனக்கு ஒரு வேகம். நாஜிகள் யூதர்களை அணியவைத்த மாதிரி, ஓவிய ஆசிரியரிடம் மஞ்சள் தாள் வாங்கி, நட்சத்திரம் வெட்டி, எட்டுப் பிள்ளைகளின் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டேன். மதியம் வரை அவர்களோடு யாரும் பேசக்கூடாது, அவ்வளவுதான் நான் போட்ட விதி. மூன்றாவது பீரியடுக்குள் மற்றவர்கள் தாங்களாகவே இன்னும் நாலு விதி போட்டுவிட்டார்கள். பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார வேண்டும். தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. ஒரு பெண் குழந்தை விசும்பிக்கொண்டே டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். எட்டுப் பேரில் ஒரு பையன் மட்டும் அழவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றான், இரண்டு கையையும் குவித்தான், இன்னொருவன் உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்தான். அப்படிக் குடிக்க அவனுக்கு யாரும் அன்றைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நட்சத்திரங்களைப் பிடுங்கிக் கிழித்தேன். எதையோ சொல்லிச் சமாளித்தேன். மீதி முப்பது பேரும் அன்று கற்றுக்கொண்டது, ஒதுக்கி வைப்பது எவ்வளவு சுலபம், எவ்வளவு சுவாரசியம் என்பதைத்தான். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதலில் இந்த மாதிரி நடித்துப் பார்க்கும் பயிற்சிகள் வேண்டாம் என்று தெளிவாக இருக்கிறது. எனக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. பிணக்குவியல் படங்களும் வேண்டாம். அவற்றில் பல, கொன்றவர்களே எடுத்தவை.

'யூதர் என்றால் மதமா சார், இனமா?' என்று ஒரு மாணவி கேட்டதற்கு நீ தடுமாறியதாக எழுதியிருந்தாய். தடுமாறியது நல்லது. யூதர்களே அதற்கு ஒரே பதில் சொல்வதில்லை. மரபான சமயச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவரும், முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதர். கோயிலுக்கே போகாதவரும் தன்னை யூதர் என்பார். மொழி, சாப்பாடு, பண்டிகை, பாட்டி சொன்ன கதை, எல்லாம் சேர்ந்த ஒன்று அது. நாஜிகள் செய்ததைப் பார். 1935இல் நியூரம்பர்க் சட்டங்களில் ரத்தம், ரத்தம் என்று முழங்கினார்கள். ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. எனவே தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூத சமய அமைப்பைச் சேர்ந்தவர்களா என்று பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். இனம் என்று சொன்னார்கள், சாட்சிக்கு மதப் பதிவேட்டை இழுத்தார்கள். தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருந்தாலும் தப்ப வழியில்லை. எடித் ஸ்டைன் யூதக் குடும்பத்தில் பிறந்து மதம் மாறிய கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொன்றார்கள்.

உன் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு யூதரையும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பாடப்புத்தகம் காட்டும் முதல் யூதரே பிணமாக இருக்கிறார். அதுதான் பெரிய கோளாறு. கொல்லப்பட்ட 60 லட்சம் பேரும் ஜெர்மனிக்காரர்கள் என்றும் நினைத்துக்கொள்வார்கள். 1933இல் ஜெர்மனியில் இருந்த யூதர்கள் ஐந்தேகால் லட்சம்தான், மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. போலந்து யூதர்கள் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கிய பெர்லின் மருத்துவரும் யூதர். கிரேக்கத்தின் சலோனிகா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் யூதர். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முன்னோரின் பழைய ஸ்பானிய மொழியைத்தான் அவர் வீட்டில் பேசினார், அந்தத் துறைமுகமே ஒரு காலத்தில் சனிக்கிழமை விடுமுறை விட்டது. கொச்சியில் மலையாளம் பேசிய யூதர்கள் நமக்கு ஓர் இரவு ரயில் தூரத்தில்தான் இருந்தார்கள்.

கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் 'யூதர்கள்தானே இயேசுவைக் கொன்றார்கள்' என்று கேட்கலாம். அதட்டாதே. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பிரசங்க மேடையில் சொல்லப்பட்டதுதான் அது. எல்லா யூதர்மீதும் அந்தப் பழியைச் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை வெளிப்படையாக அறிவித்தது 1965இல். 'அப்படியானால் காசாவில் இப்போது நடப்பது?' என்றும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பீரியட் ஒதுக்கு. இதோடு போட்டுக் குழப்பினால் இரண்டும் கெட்டுவிடும். ஓர் அரசு இன்று செய்வதற்கு 1942இல் கொல்லப்பட்டவரைக் கணக்குக் கேட்க முடியாது. அன்று கொல்லப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி இன்றைய கேள்வியை அடக்கவும் முடியாது.

என் யோசனை இது. டிக்கெட் இரண்டாவது பீரியடுக்கு. முதல் பீரியடில் ஹிட்லரின் பெயரே வர வேண்டாம்.

கான்சென்முல்லர் அந்தக் கடிதம் எழுதி ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, அவருடைய ரயில்கள் புறப்பட்டுக்கொண்டிருந்த அதே வார்சாவில், ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் மூன்று பேர் குழி தோண்டினார்கள். ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன், அவருடைய பழைய மாணவர்கள் இருவர். டேவிட் கிராபருக்கு 19 வயது, நாகும் கிஷிவாச்சுக்கு 18. வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளூம் ரகசியமாக நடத்திய ஆவணக் குழுவில் இருந்தவர்கள். தங்கள் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை, சாவை மட்டும் அல்ல, ரேஷன் அட்டையிலிருந்து நாடக அறிவிப்பு வரை, அந்தக் குழு சேர்த்து வைத்திருந்தது. அவற்றை மூவரும் பத்துத் தகரப் பெட்டிகளில் அடைத்துப் புதைத்தார்கள். புதைக்கும் முன் ஆளுக்கொரு தாள் எழுதி உள்ளே வைத்தார்கள். மூவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பெட்டிகளை 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

லிக்டென்ஸ்டைன் தன் தாளில் நன்றியோ புகழோ வேண்டாம் என்கிறார். ஓவியராக இருந்த தன் மனைவி கேலே செக்ஸ்டைனை நினைவில் வைக்கச் சொல்கிறார். பிறகு மகள் மார்கலிட். இன்றோடு 20 மாதம் நிறைகிறதாம். இத்திஷ் மொழியை, அவர்கள் வீட்டுப் பேச்சை, முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாளாம். ஒன்பதாவது மாதத்திலேயே தெளிவாகப் பேசத் தொடங்கினாளாம். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இருக்கும் அறிவு என்கிறார்.

இதை முதலில் வாசித்துக்காட்டு. மெதுவாக, விளக்கம் எதுவும் சேர்க்காமல். அடுத்த நாள் கட்டண விகிதத்தை எழுதும்போது, நான்கு வயதுக்குக் கீழே என்ற வரிக்கு வந்ததும் யாராவது ஒரு பிள்ளைக்கு அவள் ஞாபகம் வரும். நீ எடுத்துக் கொடுக்காதே.

முதல் நாளே பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "ஒன்பது மாதத்தில் குழந்தை பேசுமா சார்?" என்று கேட்பான். வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று ஆசிரியர்