வழக்குக் கோப்பை மூடும் அதிகாரம்

கும்பகோணம்,
ஆடி 10.

அன்புள்ள கலியமூர்த்தி,

நலம், நலமறிய ஆவல். அரசலாற்றில் தண்ணீர் நன்றாகவே வருகிறது. குறுவை நட்டவர்கள் களையெடுப்பில் இருக்கிறார்கள். யூரியாதான் கேட்டபோது கிடைப்பதில்லை. உன் பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிவிட்டதா என்று எழுது. சின்னவளுக்கு மாயூரத்துக்கே மாற்றல் கிடைத்த செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம்.

இனி, ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் நடக்கும் உன் துப்பறியும் நாவல். ஐந்து அத்தியாயங்களையும் நிதானமாகப் படித்தேன். 1937இல் பெர்லினில் தொடங்கி, 1941இல் கொலை, 1947இல் அதே ஆய்வாளர் அதே கொலையைத் திரும்பத் தோண்டுவது என்ற கட்டுமானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கொன்றவன் யார் என்பதையே நீ முடிச்சாக வைத்திருக்கிறாய். சர்வாதிகாரத்தில் நடக்கும் துப்பறியும் கதைக்கு அது போதாது. அங்கே கொன்றவன் யாரென்று ஆய்வாளருக்குப் பாதிக் கதையிலேயே தெரிந்துவிடலாம். அவனைத் தொட யாருக்கு அதிகாரம், கோப்பு எந்த மேசையில் போய் நிற்கும், யார் கையெழுத்தில் மூடப்படும்? வாசகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது இதற்குத்தான். அதனால் எந்தத் தேதியில் எந்த அலுவலகம் இருந்தது என்பதில் நீ பிசகவே கூடாது.

இரண்டாம் அத்தியாயத்தில், 1937 இலையுதிர் காலத்தில், ஆர்.எஸ்.எச்.ஏ. (நாஜிகளின் போலீஸையும் உளவு அமைப்பையும் சேர்த்து நடத்திய பாதுகாப்புத் தலைமை அலுவலகம்) உன் ஆய்வாளரைக் கூப்பிட்டு மிரட்டுகிறது. அந்த அலுவலகம் உருவானது 27 செப்டம்பர் 1939. உன் காட்சி நடக்கும்போது அப்படி ஒன்று கிடையாது. 1936 ஜூனில், நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைக்குத் தலைவரான ஹிம்லர் ஜெர்மனி முழுமைக்கும் போலீஸ் தலைவரானார். அதே மாதம் அரசியல் ரகசியப் போலீஸான கெஸ்டபோவையும் குற்றப் புலனாய்வுப் போலீஸான கிரிப்போவையும் ஒன்றாகச் சேர்த்து அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஹைட்ரிஷ் கையில் கொடுத்தார்கள். 1937 ஜூலையில் கிரிப்போவுக்கு நாடு தழுவிய தலைமை அலுவலகம் வந்தது, அதற்குத் தலைவர் ஆர்தர் நெபெ. 1939க்குப் பிறகுதான் ஆர்.எஸ்.எச்.ஏ.வில் கெஸ்டபோ நான்காம் பிரிவு, கிரிப்போ ஐந்தாம் பிரிவு என்ற கணக்கு. உன் ஆய்வாளர் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்துப் போலீஸ் கட்டடத்துக்காரர். கெஸ்டபோ பிரின்ஸ் ஆல்பிரெஷ்ட் தெரு 8இல் இருந்தது. தலைமை ஒன்று, கட்டடம் இரண்டு. மிரட்டல் பக்கத்து அறையிலிருந்து வருவதற்கும், தொலைபேசி ஒலித்து நகரத்தின் இன்னொரு பகுதிக்கு அவர் போய் நிற்பதற்கும் காட்சியில் பெரிய வித்தியாசம் உண்டு.

எர்ன்ஸ்ட் கென்னாட்டை 1941இல் உயிரோடு கொண்டுவந்திருக்கிறாய். அவர் 1939 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். அவரை விடவும் மனமில்லை என்றால் 1937 பகுதிக்கு நகர்த்து. பெர்லினில் நிரந்தரக் கொலைப் புலனாய்வுப் பிரிவை 1926இல் ஏற்படுத்தியவர் அவர். தட்டச்சு எந்திரம், மடக்கு மேசை, நாற்காலிகள், தடயம் எடுக்கும் கருவிகள் எல்லாம் ஏற்றிய தனி மோட்டார் வண்டி ஒன்றை வடிவமைத்து வைத்திருந்தார். கொலை நடந்த இடத்திலேயே மேசையை விரித்து, வாக்குமூலத்தை அங்கேயே தட்டச்சு செய்துவிடுவார்கள். உன் ஆய்வாளர் இந்த ஒழுங்கில் பயின்றவர் என்று காட்டு. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு தாள் 1941இல் எப்படிப் பயனற்றுப் போகிறது என்பது அப்போது வலிக்கும்.

ஆய்வாளரை நீ மிகவும் சுத்தமாக வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. 'கெஸ்டபோதான் கொடியவர்கள், நாங்கள் திருடனையும் கொலைகாரனையும் பிடித்தவர்கள்' என்று போருக்குப் பிறகு கிரிப்போக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். அது பொய். 14 டிசம்பர் 1937 ஆணைப்படி, 'தொழில்முறைக் குற்றவாளி' என்றோ 'சமூகத்துக்கு ஒவ்வாதவர்' என்றோ முத்திரை குத்தி, விசாரணை எதுவும் இல்லாமல் ஒருவரை வதை முகாமுக்கு அனுப்பும் அதிகாரம் கிரிப்போவுக்கே இருந்தது. அந்தப் படிவங்கள் உன் ஆய்வாளரின் மேசையையும் கடந்துதான் போயிருக்கும். நெபெ 1941இல் கிழக்கே போய் ஒரு கொலைப்படைக்கே தலைமை தாங்கினார். பிறகு ஹிட்லர் எதிர்ப்புச் சதியில் சேர்ந்து 1945 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். இப்படி இரண்டு பக்கமும் கறையும் துணிவும் கலந்த ஆளே அந்தக் காலத்து நிஜம். 1938இல் உன் ஆய்வாளர் கையெழுத்திட்ட ஒரு பெயர் 1947இல் திரும்பி வரட்டும். இரண்டாம் பாதி தொய்கிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கு என் முதல் பதில் இது.

நான்காம் அத்தியாயத்து ரயில் கொலைக்கு அசல் வழக்கு ஒன்று இருக்கிறது. பவுல் ஓகோர்ட்சோவ், ரயில்வே ஊழியன், நாஜிக் கட்சி உறுப்பினன், அந்தக் கட்சியின் எஸ்.ஏ. படைக்காரன். 1940-41இல் பெர்லினின் கிழக்குப் பகுதியில் எட்டுப் பெண்களைக் கொன்றான். ஓடும் எஸ்-பான் என்ற நகர ரயிலில் தாக்கி வெளியே தள்ளிவிடுவது அவன் வழக்கம். இதில் மூன்று விஷயங்களைக் கவனி. முதலாவது இருட்டடிப்பு. விமானத் தாக்குதலுக்குப் பயந்து 1939 செப்டம்பர் முதலே நகரம் இருண்டு கிடந்தது, ரயில் பெட்டிக்குள்ளும் மங்கலான வெளிச்சம்தான். உயிர் பிழைத்த பெண்ணால் முகம் சொல்ல முடியாது, ரயில்வே சீருடை என்று மட்டும் சொல்ல முடியும். அடுத்தது பத்திரிகை. தலைநகரில் தொடர் கொலைகாரன் உலவுகிறான் என்று பெரிதாக எழுத விடவில்லை. அதனால் பெண்களுக்கு எச்சரிக்கையும் போகவில்லை, பொதுமக்களிடமிருந்து துப்பும் வரவில்லை. மூன்றாவதுதான் உன் நாவலுக்கு அச்சாணி. வெளிநாட்டுத் தொழிலாளியாக இருக்கும், யூதனாக இருக்கும், எதிரி நாட்டு உளவாளியாக இருக்கும் என்று சந்தேகம் போய்க்கொண்டே இருந்தது. சீருடை போட்ட சொந்தக் கட்சிக்காரனாக இருப்பான் என்று நினைக்கவே அந்த ஆட்சியின் மூளை இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஆயிரக்கணக்கான ரயில்வே ஊழியர்களை விசாரித்தார்கள், பெண் காவலர்களை ரயிலில் தூண்டிலாக உட்கார வைத்தார்கள். வேலை நேரத்தில் அவன் வேலி ஏறிக் குதித்துப் போகிறான் என்று கூட வேலை செய்தவர் சொன்ன ஒரு வார்த்தை அவனைப் பிடித்துக் கொடுத்தது. கைது, தீர்ப்பு, பிளாட்சென்ஸே சிறையில் தலைவெட்டு எல்லாம் 1941 ஜூலை மாதத்துக்குள்ளேயே முடிந்தன.

இதற்கு நேர் எதிரான வழக்கு புரூனோ லுட்கே. கோப்பெனிக் பகுதியைச் சேர்ந்த, மனவளர்ச்சி குன்றியவர். 1943இல் ஒரு கொலைக்காகப் பிடித்தார்கள். விசாரித்த அதிகாரி அவரை ஊர் ஊராக அழைத்துப் போய், தீராத வழக்குகளையெல்லாம் அவர் தலையில் ஏற்றினார். எண்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒப்புக்கொண்டதாகத் தாளில் இருக்கிறது. நீதிமன்றத்தில் ஒன்றுகூட விசாரிக்கப்படவில்லை. 1944இல் வியன்னாவில் போலீஸ் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே இறந்தார். ஆட்சி போன பிறகும் பல ஆண்டுகள் 'ஜெர்மனியின் மிகப் பெரிய கொலைகாரன்' என்று அவரைத்தான் எழுதினார்கள். ஒவ்வொரு பொய் வாக்குமூலத்துக்கும் பின்னால் ஓர் உண்மையான கொலைகாரன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறான், அவனுடைய கோப்பு மூடப்பட்டுவிட்டது. 1947இல் உன் ஆய்வாளர் திறக்க வேண்டியது அப்படி ஒரு கோப்பை. பெயர்களை மாற்றிக் கற்பனையாகவே எழுது, அந்தப் பொறிமுறையை மட்டும் எடுத்துக்கொள்.

கொலைகாரன் எஸ்.எஸ். ஆள் என்று நீ வைப்பதானால் இன்னொன்று. 1939 அக்டோபரிலிருந்து எஸ்.எஸ்.ஸுக்கும் போலீஸுக்கும் தனி நீதிமன்றங்கள் வந்துவிட்டன. சாதாரண அரசு வழக்கறிஞரிடம் கோப்பு போகவே போகாது. ஐந்தாம் அத்தியாயத்தில் வழக்கறிஞர் 'சாட்சியம் போதாது' என்று திருப்பி அனுப்புகிறார் அல்லவா? 'இது என் வரம்பில் இல்லை' என்று அவர் ஒரே வரியில் எழுதட்டும். சாட்சியம் முழுமையாக இருந்தும் வழக்கு சாவதில்தான் கொடுமை இருக்கிறது.

இப்போது 1947. அமெரிக்கச் சிப்பாய் 1945 மே மாதத்தில் பெர்லின் தெருவில் சிகரெட் விற்கிறான் என்று குறிப்பில் எழுதியிருக்கிறாய். மே 2இல் நகரம் சோவியத் படையிடம் வீழ்ந்தது, அமெரிக்கர்கள் நகரத்தில் தங்களுக்கு ஒதுக்கிய பகுதிக்கு வந்தது ஜூலையில். டாய்ச்மார்க் என்ற புதிய நாணயம் 1948 ஜூன் 20இல்தான், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆளுகையிலிருந்த மேற்கு மண்டலங்களில் வந்தது. 1947இல் பழைய ரைக்ஸ்மார்க்தான், உண்மையான நாணயம் சிகரெட். ரேஷன் அட்டையிலும் பல வகுப்பு. ஒருவர் கையில் எந்த வகுப்பு அட்டை இருக்கிறது என்று பார்த்தாலே அவர் புதிய ஆட்சியில் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். தெருப் பெயர்களிலும் கவனம் வேண்டும். நீ எழுதும் பியூலோ சதுக்கம் 1933இல் ஹோர்ஸ்ட் வெஸ்ஸல் சதுக்கம் ஆனது, 1947இல் லக்சம்பர்க் சதுக்கம் ஆனது. பழைய பெயரை வாய்தவறிச் சொல்லும் ஒரு சாட்சி உனக்குக் கிடைக்கலாம்.

கதையை ஓராண்டு தள்ளி 1948இல் வைக்க முடியுமா என்று யோசி. அந்த ஆண்டு பெர்லின் போலீஸே இரண்டாகப் பிளந்தது. சோவியத் தரப்பு நியமித்த போலீஸ் தலைவர் மார்க்கிராஃபை நகர நிர்வாகம் இடைநீக்கம் செய்தது, அவர் நாற்காலியை விடவில்லை. மேற்கே ஷ்டும் தலைமையில் வேறு போலீஸ் எழுந்தது. ஒரே நகரம், இரண்டு போலீஸ் தலைவர்கள். பிணம் ஒரு பகுதியிலும் சாட்சி மறு பகுதியிலும் இருந்தால் போதும், மீதியைக் கதையே நடத்திக்கொள்ளும்.

போருக்குப் பிறகு பழைய நாஜிகளைப் பொறுப்புகளிலிருந்து களைய நடந்த நாஜி நீக்க விசாரணைதான் உன் இரண்டாம் பாதியின் சுரங்கம். அதை நீ இரண்டு பக்கத்தில் தாண்டிப் போகிறாய். அமெரிக்கர்கள் கொடுத்த கேள்விப் படிவத்தில் 131 கேள்விகள். உயரம், எடை, மதம், வகித்த பதவிகள், வருமானம், சேர்ந்த அமைப்புகள், 1932 நவம்பர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தாய் என்பது வரை. பொய் எழுதினால் தண்டனை. ஊரே தன் வாக்குமூலத்தைத் தானே எழுதிக் கொடுத்த காலம் அது, துப்பறிபவனுக்கு வேறென்ன வேண்டும்? அதைச் சரிபார்க்க உறுப்பினர் அட்டைகளும் இருந்தன. போர் முடியும் தறுவாயில் கட்சியின் அட்டைத் தொகுதியைக் கூழாக்குவதற்காக முனிச் அருகே ஒரு காகித ஆலைக்கு அனுப்பினார்கள். ஆலைக்காரர் கூழாக்கவில்லை. சுமார் ஒரு கோடி அட்டைகள் அமெரிக்கர் கைக்கு வந்து பெர்லினில் ஆவணக் காப்பகமாயின. 1933இல் சேர்ந்தவன் 1938 என்று எழுதியிருந்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

விசாரணை மன்றக் காட்சியை மட்டும் பெர்லினிலிருந்து எடுத்துவிடு. ஐந்து வகையாகப் பிரித்துத் தீர்ப்பளித்த உள்ளூர் மன்றங்கள் 5 மார்ச் 1946 சட்டத்தின்படி அமெரிக்க மண்டலத்தில், முனிச் போன்ற ஊர்களில் நடந்தவை. பெர்லினில் ஏற்பாடு வேறு. உன் கொலைகாரன் முனிச்சுக்குக் குடிபெயர்ந்துவிட்டான் என்று வைத்தால் சரியாகிவிடும். அந்த மன்றங்கள் கெட்டுப்போன விதத்தையும் கவனி. எளிய வழக்குகளை முதலில் எடுத்தார்கள், சிக்கலானவற்றைத் தள்ளிப்போட்டார்கள். பாதிரியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் பழைய அதிகாரியும் நற்சான்றுக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். 1948க்குள் அமெரிக்கர்களின் அக்கறை சோவியத் பக்கம் திரும்பிவிட்டது. சின்ன குமாஸ்தா 1946இல் வேலை இழந்தான். பெரிய அதிகாரி 1948 வரை காத்திருந்து 'கூடப் போனவன்' என்ற லேசான வகையில் வெளியே வந்தான். உன் கொலைகாரனின் ஆயுதம் காலதாமதம்தான். மருத்துவச் சான்று, முகவரி மாற்றம், காணாமல் போன ஒரு படிவம், எல்லாவற்றையும் பயன்படுத்தட்டும். மேற்கு ஜெர்மனி அரசியல் சட்டத்தின் 131ஆம் பிரிவை ஒட்டி 1951இல் வந்த சட்டம் பழைய அரசு ஊழியர்களுக்கு மீண்டும் வேலைக்கு வழி திறந்தது. அவன் திரும்பவும் போலீஸ் அதிகாரியாகவே வந்து உட்காரலாம்.

ஒரு பின்னுரை வைக்க இடமிருந்தால் கொலைக் குற்றத்துக்கான காலவரம்பைப் பயன்படுத்து. அங்கே அப்போது 20 ஆண்டு. நாஜிக் காலக் கொலைகளுக்கு 1965 மே மாதத்தோடு அது முடியவிருந்தது. நாடாளுமன்றம் கணக்கை 1950இலிருந்து தொடங்கச் சொல்லி நீட்டியது, 1969இல் 30 ஆண்டாக்கியது, 1979இல் வரம்பையே எடுத்துவிட்டது. 1965 தொடக்கத்தில், அந்த நீட்டிப்பு வரும் முன், ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒரு பழைய தாளோடு அரசு வழக்கறிஞர் வாசலில் நிற்பது உனக்குக் கடைசி அத்தியாயமாகலாம்.

இந்த நாவல் முடிந்ததும் அடுத்ததை நம் மண்ணில் வை என்று உன்னை வற்புறுத்தப் போகிறேன். நெருக்கடி நிலை ஜெர்மனியோடு ஒப்பிடத் தக்கதல்ல. ஆனால் கோப்பை யார் மூடுவது என்ற கேள்வி இங்கேயும் இருந்தது. தேதி இங்கேயும் உயிர்நாடி. தஞ்சையில் 1975 டிசம்பரும் 1976 பிப்ரவரியும் ஒன்றல்ல. நடுவில் ஜனவரி 31 அன்று மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிபட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். ஆட்கொணர்வு மனுவும் செல்லாது என்று 28 ஏப்ரல் 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். கேரளத்தில் பொறியியல் மாணவர் ராஜன் 1976 மார்ச் 1இல் பிடித்துச் செல்லப்பட்டார். அவரைத் தேடி அலைந்த தகப்பனார் ஈச்சர வாரியர் நெருக்கடி நிலை முடிந்ததும் உயர் நீதிமன்றம் போனார். கைது செய்யவே இல்லை என்றது அரசு. பிறகு காவலில் இறந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1977 ஏப்ரலில் முதல்வர் கருணாகரன் பதவி விலகினார். உடல் கிடைக்கவே இல்லை. துப்பறிவாளர் என்று ஒருவரும் இல்லாமல், ஒரு தகப்பன் மனுவுக்கு மேல் மனு எழுதியே உண்மையை வெளியே இழுத்தார். இதைவிடப் பெரிய புலனாய்வு எனக்குத் தெரியாது. நம் சட்டத்தில் கொலைக்குக் காலவரம்பும் கிடையாது. எழுதும்போது ஊர்ப் பெயர் மாயூரம் என்றே இருக்கட்டும், மயிலாடுதுறை ஆனது 1982இல்தான். நாகை மாவட்டமும் அப்போது இல்லை, எல்லாம் தஞ்சாவூர் மாவட்டமே.

ஆறாம் அத்தியாயம் தொடங்கும் முன் ஒரு நோட்டில் இடப்பக்கம் தேதி, நடுவில் அன்று அதிகாரம் வைத்திருந்த அலுவலகம், வலப்பக்கம் உன் பாத்திரங்களில் யார் கையில் எந்தத் தாள் என்று எழுதி அனுப்பு. நான் சரிபார்த்துத் தருகிறேன். கைப்பிரதியைப் பதிவுத் தபாலில் நாளை போடுகிறேன். ஓரத்தில் பென்சிலில்தான் குறித்திருக்கிறேன். பதினெட்டாம் பெருக்குக்கு இங்கே வந்தால் நேரிலேயே பேசலாம், அண்ணியையும் அழைத்து வா.

அன்புடன்,
பாலகுரு