பொருள்: "5 வயசு குழந்தையும் ஈஸியா செய்யலாம்"னு போட்டு வித்த ஒரிகாமி கிஃப்ட் செட், உள்ள இருக்கிற பேப்பர் சதுரமே இல்ல

கஸ்டமர் கேர்ல இருக்கிறவங்களுக்கு வணக்கம்,

பேப்பரை மடிச்சு உருவம் செய்யற உங்க ஒரிகாமி செட் பத்தி ஏற்கனவே சாட்ல சொல்லியாச்சு. அதுக்கு "குழந்தைக்குப் பொறுமையா சொல்லிக்குடுங்க, பழகப் பழக வந்துடும்"னு ஒரு பதில் அனுப்பியிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்ச கடுப்புலதான் உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்றேன். பொறுமைல ஒரு குறையும் இல்லைங்க, உங்க பேப்பர்லதான் குறை.

டப்பா மேல 15க்கு 15 செ.மீ.ன்னு போட்டிருக்கீங்க. ஸ்கேல் வச்சு அளந்தா ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 14.7. மூணு மில்லிமீட்டருக்கா இவ்ளோ சண்டைன்னு கேப்பீங்க. ஒரு ஷீட்டை எடுத்து மூலைக்கு மூலை முக்கோணமா நீங்களே மடிச்சுப் பாருங்க, ஓரத்துல உள்பக்கத்து வெள்ளை எட்டிப்பாக்கும். முதல் மடிப்புல அது சும்மா ஒரு கோடு மாதிரிதான் தெரியும், ஆனா அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு மடிப்பும் அதே கோணலை வாங்கிட்டுதான் வரும், கொக்கு செய்யற அளவுக்குப் போனீங்கன்னா கழுத்து முனை கூரா சேராம ரெண்டா பிளந்து நிக்கும்.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. ஃப்ரெண்டு பர்த்டேக்கு கையால செஞ்ச கிஃப்ட்தான் குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா, அதுக்குத்தான் இதை வாங்கினதே. மூலையை மூலையோட சேர்த்தா ஓரம் தள்ளிப்போகுது, சரின்னு ஓரத்தை சேர்த்தா மூலை தள்ளிப்போகுது, நகத்தால தேய்ச்சு தேய்ச்சு பிரிச்சு மறுபடி மடிச்சு கடைசில மடிப்பு விழுந்த இடம் பூரா பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் கையை என் முன்னாடி நீட்டி "அம்மா எனக்கு கை சரியில்லை"ன்னு சொல்றா. இதுக்கு என்னங்க பதில் சொல்றது? பேப்பர் கம்பெனி தப்பா வெட்டியிருக்கான்டின்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறா, டப்பால ஈஸின்னு போட்டிருக்கேன்னு என்னையே கேக்கறா.

அதனால பிரின்டர்ல இருந்து ஒரு ஏ4 ஷீட்டை உருவினேன். ஒரு மூலையை எதிர் ஓரத்துல படற மாதிரி முக்கோணமா மடிச்சு மீந்த பட்டையை வெட்டிட்டா 21 செ.மீ. சதுரம் கிடைச்சுடும், அதையே நாலா வெட்டி ஒண்ணை கைல குடுத்தேன். அதே பொண்ணு, அதே கை, ட்யூலிப் பூ, நாய் மூஞ்சி, புக்கோட மூலைல மாட்டற புக்மார்க்னு வரிசையா மடிச்சுத் தள்ளிட்டா. பயிற்சி பத்தாதுன்னு சொன்னவங்க கொஞ்சம் இதையும் படிங்க.

அடுத்தது கனம். கவர்ல நீங்களே 120 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்னு சொல்ற கணக்கு) போட்டிருக்கீங்க, அதை ஏதோ பெருமை மாதிரி "ப்ரீமியம் திக் பேப்பர்"னு வேற! சாதாரண ஒரிகாமி பேப்பர் 60, 70 ஜிஎஸ்எம்தான் வரும், பிரின்டர் பேப்பரே 80தான். ஒரிகாமில பேப்பர் மேல பேப்பரா எட்டு அடுக்கு, சில இடத்துல அதுக்கும் மேல சேரும், இவ்ளோ தடியா இருந்தா சின்னக் கைக்கு அமுங்கவே அமுங்காது. மடிக்கிற இடத்துல கலர் வெடிச்சு வெள்ளை வெள்ளையா கோடு விழுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லா வந்துச்சு, அதையும் சொல்லிடறேன், குதிக்கிற தவளை. அதுக்கு விறைப்பான பேப்பர்தான் வேணும், பின்னாடி அமுக்கி விட்டா நல்லாவே தாவுது, சின்னவன் இன்னும் அதோடதான் சுத்திட்டிருக்கான்.

புக்லெட்ல இருக்கிற செய்முறைப் படத்துக்கு வருவோம். உள்பக்கம் மடிக்கணும்னா துண்டு துண்டு கோடு, வெளிப்பக்கம் மடிக்கணும்னா நடுவுல புள்ளி வச்ச கோடு, இதெல்லாம் ஜப்பான்ல அகிரா யோஷிசாவாங்கிற ஒரிகாமி கலைஞர் 1950கள்லயே போட்டுக் குடுத்த முறை, இன்னிக்கும் எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட அதான் ஓடுது. உங்க புக்லெட்ல ரெண்டுக்கும் ஒரே கோடு. எந்தப் பக்கம் மடிக்கிறதுன்னு குழந்தை மோப்பம் பிடிக்கவா முடியும்? கொக்குல படம் 5ல சின்ன சதுரமா இருக்கு, படம் 6ல பாத்தா நீளமா கூரா நிக்குது, நடுவுல மேல் அடுக்கை மட்டும் தூக்கி நீட்டி ரெண்டு பக்கமும் உள்ள தள்ளி அமுக்கணுமே, அந்த இடத்தையே காணோம். பெரியவங்களே முழிக்கிற இடம் அதுதான், அதைப் போய் முழுங்கிட்டு 5 வயசுன்னு எப்படிங்க போட்டீங்க.

மூடி போட்ட கிஃப்ட் டப்பான்னு ஒண்ணு இருக்கு. அடிக்கும் மூடிக்கும் ஒரே சைஸ் பேப்பர் குடுத்தா மூடி எப்படி உக்காரும்? அடி டப்பா பேப்பரை ரெண்டு பக்கமும் ஒரு 4, 5 மில்லிமீட்டர் கம்மியா வெட்டணும்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும், டப்பான்னு ஒண்ணு செஞ்சு பாத்த ஆளுக்கு தெரியாம இருக்காது. எனக்கென்னவோ அச்சடிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல யாருமே இதை மடிச்சே பாக்கலைன்னுதான் தோணுது. குட்டி நட்சத்திரம் செய்யற பட்டையும் அப்படித்தான், 1 செ.மீ. அகலப் பட்டைன்னா 25 செ.மீ. கிட்ட நீளம் வேணும், முடிச்சு போட்டு சுத்தி சுத்தி வந்தாதான் ஓரத்தை அமுக்கும்போது நட்சத்திரம் உப்பும். நீங்க குடுத்தது 15 செ.மீ., நாலஞ்சு சுத்துல தீந்து போய் தட்டையா ஒரு அஞ்சு மூலை வில்லைதான் மிஞ்சுது.

இதுல பெரிய ஏமாத்துன்னு நான் சொல்றது டப்பா மேல பெருசா போட்டிருக்கிற அந்தப் பூப்பந்து. ஒரு பூவுக்கு அஞ்சு இதழ், ஒரு பந்துக்கு பன்னெண்டு பூ, இதழுக்கு ஒரு பேப்பர்னா மொத்தம் 60 ஷீட் வேணும். டப்பாக்குள்ள எல்லாத்துக்கும் சேர்த்தே 40 ஷீட்தான் இருக்கு. பொண்ணு மொதல்ல கேட்டதே அதைத்தான், ஜன்னல்ல தொங்க விடணும்னு இடமெல்லாம் பாத்து வச்சிருந்தா.

இப்ப எனக்கு வேண்டியது இதான். "பிரிச்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு சாட்ல சொன்னீங்க, பிரிக்காம பேப்பர் சதுரமா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது, அதனால முழுப் பணமும் திரும்ப வேணும். மாத்தி வேற செட் அனுப்பறேன்னு சொல்லாதீங்க, ஒரே மெஷின்ல வெட்டினது அதுவும் இப்படித்தான் இருக்கும். இன்னும் கடைல நிக்கிற டப்பால வயசை மாத்துங்க, இல்ல பூப்பந்து படத்தையாவது எடுங்க. கொக்குக்கு விட்டுப்போன படங்களை வரைஞ்சு உங்க சைட்ல போட்டீங்கன்னா ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்காவது உதவும்.

பில், ஸ்கேல் வச்சு எடுத்த போட்டோ, புக்லெட்ல அந்த 5, 6 படம் இருக்கிற பக்கம் எல்லாம் இதோட இணைச்சிருக்கேன். பதில் இந்த மெயிலுக்கே அனுப்புங்க, திரும்ப சாட்டுக்கு வாங்கன்னு லிங்க் அனுப்ப வேண்டாம், அங்க ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து கதை சொல்ல என்னால முடியாது.

இப்படிக்கு,
உங்க செட்டை வாங்கின ஒரு அம்மா