உட்பிரிவு அளந்து தரக் கோரி நான்காவது முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெருவைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி
(பெயரும் கதவு எண்ணும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: நிலம் – நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தின் கீழ் 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை வாங்குதல் – கூட்டுப் பட்டாவிலிருந்து உட்பிரிவு செய்ய நில அளவை நடைபெறாதது – உடனே அளந்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நில உரிமையாளர் சென்ற பங்குனியில் கொடுத்த உட்பிரிவு விண்ணப்பம், ஜமாபந்தியில் (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) நான் கொடுத்த மனு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஐப்பசியிலும் தையிலும் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகையில் ஏரி நிரம்பியபோது கரையைப் பார்வையிட வந்தீர்கள். கீழ்மதகின் மேல் நின்று தெற்கே பார்த்தபோது தங்கள் கண்ணில் முதலில் பட்ட வயல்தான் நான் வாங்க நினைக்கும் வயல். அன்று நானும் கரையில்தான் நின்றேன். சுற்றிலும் அத்தனை அதிகாரிகளைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அதற்காகப் பிறகு பல நாள் என்னை நானே திட்டிக்கொண்டேன். இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

1. நான் நிலமற்ற ஆதிதிராவிடர் விவசாயக் கூலி. பதினான்கு வயதில் நாற்றுப் பறிக்கப் போனவள். இப்போது வயது 46.

2. நிலமில்லாத என் போன்ற பெண்கள் விவசாய நிலம் வாங்க உதவும் இந்த நன்னிலம் திட்டத்தில் நில மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இல்லை. மீதியை வங்கிக் கடனாக வாங்கித் தவணையில் கட்டலாம். நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர் வரை வாங்கலாம். நான் கேட்பது அதில் பாதிகூட இல்லை. விற்பவர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. விதியை எழுதுவது எளிது ஐயா. ஏரிப் பாசன நஞ்சையை எங்கள் தெருவுக்கு விற்கிறேன் என்று சொல்லும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. கிடைத்தவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். "இத்தனை வருஷம் நட்டவள் நீ, நீயே வைத்துக்கொள்" என்றார். பட்டாவில் பெயருள்ள மற்ற நான்கு பங்காளிகளையும் உட்காரவைத்துப் பேசி, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். மனிதர்கள் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

3. குறுக்கே நிற்பது சர்வேயர் வராததுதான். கூட்டுப் பட்டாவிலிருந்து பெரியவரின் பங்கைப் பிரித்துத் தனி உட்பிரிவு எண் போட்டால்தான் மானியக் கோப்பு நகரும். பங்குனியில் விண்ணப்பித்தோம், கட்டணமும் கட்டினோம். முப்பது நாளில் முடிந்துவிடும் என்றார்கள். எல்லைக்கல்லை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள் என்றார்கள். எட்டுக் கல் வாங்கி வாசலில் இறக்கினேன். சித்திரையில் வயல் கட்டாந்தரையாகக் கிடந்தது, அளப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. அப்போது சர்வேயருக்கு வேறு பணி. வைகாசியில் இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் நானும் பெரியவரும் பங்காளிகளும் அளவுச் சங்கிலி பிடிக்கக் கூப்பிட்ட ஆள்களும் காலை ஏழு மணியிலிருந்து வரப்பில் காத்திருந்தோம். முதல் முறை பகல் ஒரு மணிக்கு, இன்று வர இயலாது என்று செய்தி வந்தது. அடுத்த முறை செய்தியும் வரவில்லை. அந்தப் பெரியவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எனக்குக் கூலி போனது போகட்டும், அவர் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. ஆடியில் புதிதாக ஒருவர் மாற்றலாகி வந்தார். கோப்பைத் தேட வேண்டும் என்றார். ஆவணியில் கோப்பு கிடைத்தது, ஆனால் வயலில் பயிர் இறங்கிவிட்டது. பயிர் நிற்கும்போது அளக்க முடியாது, அறுவடைக்குப் பின் வாருங்கள் என்றார்கள். அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஐப்பசியில் மனு கொடுத்தபோது, வயலில் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். ஐப்பசியில் நஞ்சையில் தண்ணீர் நிற்காமல் வேறு எங்கே நிற்கும் ஐயா?

இப்போது அறுவடை முடிந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. பயிர் இல்லை, தண்ணீர் இல்லை, சொல்வதற்குக் காரணமும் இல்லை. நேற்று போய்க் கேட்டேன். வயல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அடையாளம் தெரியவில்லையாம். முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் அந்தச் சேற்றில் நிற்கிறேன். வடமேற்கு மூலையில் முழங்கால் வரை புதையும், கிழக்கு வரப்பை ஒட்டி மண் சற்று மேடு, மதகு திறந்த எத்தனை நாழிகையில் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டும் என்பதைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அடையாளம் காட்ட ஆளா இல்லை?

அந்த எட்டுக் கல்லும் இன்னும் வாசலில்தான் கிடக்கின்றன. ஒன்றின் மேல் துணி துவைக்கிறோம். ஒன்றில் ஆடு கட்டியிருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னம்மா, நிலம் வாங்கியாயிற்றா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

4. கிரைய ஒப்பந்தத்தின் கெடு வரும் பங்குனிக் கடைசியோடு முடிகிறது. முன்பணம் ஐம்பதாயிரம் கொடுத்திருக்கிறேன். காதுத் தோட்டை விற்ற காசும் சுயஉதவிக் குழுக் கடனும் சேர்ந்த பணம். பெரியவர் நல்லவர், ஆனால் அவர் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். மனை போடுகிறவர்கள் இரண்டு முறை காரில் வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மதகின் கீழேயே மனை போட்டால் பின்னால் இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்பதையும் தாங்கள் யோசிக்க வேண்டும். அது தனிக் கதை. வருமானச் சான்றுக்கும் ஓராண்டுதான் உயிர். அது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. வில்லங்கச் சான்றையும் புதிதாகப் போட்டு எடுக்க வேண்டும்.

5. தையில் கொடுத்த மனுவுக்குக் கைப்பேசியில் பதில் வந்தது: "தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது." எதைத் தீர்த்தார்கள்?

ஐயா, மரியாதைக் குறைவாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். மகள் இந்த இடத்தில் எழுதத் தயங்குகிறாள், நான்தான் எழுதச் சொன்னேன். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது என்றும், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றிருந்ததை 1970-இல் 15 ஆகக் குறைத்தார்கள் என்றும் அவள் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். பதினைந்து தர ஏக்கர் வைத்துக்கொள்ள ஒரு குடும்பத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு ஏக்கர் இருபது சென்ட்டை விலை கொடுத்து வாங்க நான் பதினோரு மாதமாக நடக்கிறேன். இனாம் கேட்கவில்லை. புறம்போக்கு கேட்கவில்லை. கடனைக் கட்டுவேன், அந்த வயல் கட்டவைக்கும். நான் கேட்பதெல்லாம் ஒருவர் ஒரு நாள் வந்து சங்கிலி போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான். அரை நாள் வேலை ஐயா, அரை நாள்.

ஆகவே, பங்குனி பிறப்பதற்குள் நிலத்தை அளந்து உட்பிரிவு எண் வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், இன்னொரு "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" வேண்டாம். நாளும் பெயரும் குறித்து ஒரு சர்வேயரை அனுப்புங்கள். முதல் நாள் மாலைக்குள் சொல்லியனுப்பினால் போதும். கல்லை வண்டியில் ஏற்றி விடிவதற்குள் வரப்பில் இறக்கிவிடுவேன். ஆட்டை வேறு இடத்தில் கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் (கையொப்பம்)
மாசி மாதம், திங்கட்கிழமை