தவக்காலமும் தேர்வுக்காலமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த கத்தோலிக்கப் பெற்றோருக்கும், பிள்ளைகளைத் தினமும் கூட்டிவரும் தாத்தா பாட்டிகளுக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

2026 பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன்; தவக்காலம் தொடங்கும் நாள். அன்று பூசையில் வாசிக்கும் மத்தேயு 6ஆம் அதிகாரம், அறச்செயல், செபம், நோன்பு மூன்றையும் பிறர் பார்க்கவென்று செய்யாதீர்கள் என்று சொல்லி 18ஆம் வசனத்தோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் அடுத்த மூன்று வசனங்களையும் பிள்ளைகளோடு படியுங்கள். பூச்சியும் துருவும் அரிக்கிற செல்வத்தைப் பற்றி இயேசு பேசுவது அங்கேதான். நம் செல்வம் எங்கேயோ உள்ளமும் அங்கே என்று சொல்வதும் அங்கேதான். ஏப்ரல் 5 உயிர்ப்புப் பெருவிழா. நடுவில் இருக்கும் நாட்களெல்லாம் தேர்வு நாட்கள். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

படிப்பது பிள்ளையின் கடமை. நல்ல மதிப்பெண்ணுக்கு ஆசைப்படுவது பாவமில்லை. ஆனால் நேரம் போதாதபோது எதை முதலில் நிறுத்துகிறோம் என்று பாருங்கள். டியூஷன் நிற்காது. மறைக்கல்வி நிற்கும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் நிற்கும், பிறகு "இந்த ஒரு மாசம் மட்டும்" என்று ஞாயிறு பூசையும் நிற்கும். விவேக்நகர் குழந்தை இயேசு திருத்தலத்துக்கு மட்டும் வியாழக்கிழமை ஹால் டிக்கெட்டோடு போவோம். போவது நல்லதுதான். ஞாயிறை விட்டுவிட்டுப் போனால், மதிப்பெண் வாங்கித் தருவதற்காகத்தான் கடவுள் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். ஞாயிறு காலை மாதிரித் தேர்வு இருந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போங்கள். திருச்சபைச் சட்டம் 1248 அதை ஞாயிறு கடனாகவே ஏற்கிறது.

இந்தத் தவக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் ஆன்மசோதனை, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்ப்பது, செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகளே போதும். முதலில் அன்றைய நாளுக்கு நன்றி. அடுத்து, குறைகளைக் காணும் அருளைக் கேட்பது. மூன்றாவது, எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி நாளைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு மன்னிப்புக் கேட்பது. கடைசியாக, நாளைக்கு எதைத் திருத்தப்போகிறோம் என்று முடிவெடுத்து, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லி முடிப்பது. நன்றியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். குற்றத்திலிருந்து தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

மூன்றாவது படியில்தான் உள்ளம் எதைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது என்பது வெளிப்படும். "நீ எதை அதிகம் நேசிக்கிறாய்?" என்று கேட்டால் எல்லாரும் "இயேசுவை" என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்று சும்மா கிடைத்த நேரம் எங்கே போயிற்று? கையில் இருந்த காசு எதற்குப் போயிற்று? எதை யாராவது தொட்டதும் கோபம் வந்தது? மூன்றாவது கேள்விதான் ஆழமாகப் போகும். போனைப் பிடுங்கியதற்கு அழுத பிள்ளைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரேங்க்கைக் கேட்டதும் முகம் வாடிய அம்மாவுக்கும் அது ஒரே கேள்விதான். பெரியவர்கள் போனில் திரை நேரத்தையும் யுபிஐ கணக்கையும் திறந்து பார்க்கலாம். அவை நம்மைவிட உண்மை பேசும்.

இந்த ஆன்மசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பெற்றோர் விசாரணை அதிகாரி ஆகிவிடுவது. அண்ணன் தங்கையைக் காட்டிக்கொடுக்கத் தொடங்குவான். அதற்கு விதி ஒன்றே: அவரவர் குறையை அவரவர் மட்டும், அதுவும் மனதுக்குள். வாய்விட்டுச் சொல்வதாக இருந்தால் முதலில் சொல்ல வேண்டியவர் அப்பாவோ அம்மாவோதான்.

உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இஞ்ஞாசியாரின் இன்னொரு பயிற்சியும் பொருந்தும். காலையில் எழுந்ததும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்வது. ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடாக வாரத்துக்கு 14 கோடு. அந்தக் குறையில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி: மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதல் கோட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவதில். விழுந்த கணமே நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். வகுப்பில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். கோட்டோடு கோடு, வாரத்தோடு வாரம் ஒப்பிட வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு குறைகளை எடுத்தால் மூன்றாம் நாளே தாள் மூலைக்குப் போய்விடும்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) அனுப்பும்போது சீட்டில் பாவங்களை எழுதிக் கொடுக்காதீர்கள். "கீழ்ப்படியவில்லை, சண்டை போட்டேன், பொய் சொன்னேன்" என்று பிள்ளை ஒப்பிப்பது அந்தச் சீட்டால்தான். எந்த மொழியில் என்று பல வீடுகளில் குழப்பம். பூசை தமிழில், மறைக்கல்வி ஆங்கிலத்தில், தெருவில் கன்னடம். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுமோ அந்த மொழியில் சொல்லட்டும். அந்த மொழி தெரிந்த குருவானவரைப் பங்கில் முன்பே கேட்டு வையுங்கள். பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபத்தையும் அதே மொழியில் பழக்குங்கள். திரும்பி வந்ததும் "ஃபாதர்கிட்ட என்ன சொன்னே?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

நோன்பு பற்றிச் சுருக்கமாக. சுத்தபோசனம், அதாவது இறைச்சி உண்ணாமை, 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு, 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரை. சின்னப் பிள்ளைகளைத் தேர்வு நாளில் பட்டினி போட வேண்டாம்; ஆனால் தவத்தின் பொருளை அவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பைச் சட்டம் 1252 பெற்றோருக்கும் கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை கோழிக்குப் பதில் இறால் பிரியாணி என்றால் சட்டம் மீறப்படவில்லை, தவமும் நடக்கவில்லை. உண்டியலில் போட வாசலில் வைத்து நூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். பிள்ளை தன் கைக்காசில் பத்து ரூபாய் போடட்டும். அது போகும்போது கொஞ்சம் வலிக்கும்.

கோடு போட்ட தாளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். எந்த ஆசிரியரும் கேட்க மாட்டார், அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவு பாஸ்கா திருவிழிப்புக்குக் கிளம்பும் முன் பிள்ளையே அதைக் கிழித்துப் போடட்டும்.

இறை அன்புடன்,
தலைமையாசிரியர்
பெங்களூரு